மெழுகு கிண்டிய கரண்டி

என் அண்ணன் பூமிநாதனுக்கு ஒரு பழக்கம். யார் வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் வாங்கிக் குடித்ததும் செம்பைத் திருப்பிப் பார்ப்பார். அதில் அவர் பெயர் இருந்தால் முகம் மலரும். இல்லையென்றால், "நான் குடுத்த செம்பு எங்க?" என்று கேட்டுவிடுவார். சொந்தத்தில் கல்யாணமோ சடங்கோ எது வந்தாலும் அவர் சீர் செய்வது பாத்திரம்தான். அதில் 'திருச்சுழி பூமிநாதன் அன்பளிப்பு' என்று புள்ளி புள்ளியாக வெட்டாமல் கொடுக்கமாட்டார். பிள்ளை இல்லாத மனுஷன், பெயர் சொல்லப் பாத்திரமாவது இருக்கட்டும் என்று நினைக்கிறார் போல. நினைத்தால் எனக்கு மனசு இளகும். ஆனால் என் அடுப்படியில் வந்து நின்று குண்டானைக் கவிழ்த்துப் பார்ப்பார் பாருங்கள், அந்த இளக்கமெல்லாம் அப்போதே போய்விடும்.

சிரித்து ஒதுக்கிவிடவும் முடியாது. மல்லாங்கிணற்றில் எங்கள் சித்தி மகள் முத்துமாரி, அவர் கொடுத்த தாம்பாளத்தில் ஆட்டுக்குப் புண்ணாக்கு வைத்துவிட்டாள். அண்ணன் பார்த்தார். முகம் கறுத்துத் திரும்பி வந்துவிட்டார். கூடப்பிறந்தவன் இல்லாத அவளுக்கு இவர்தான் அண்ணன் முறை. அவள் மகனுக்குக் காதுகுத்து வைத்தபோது, "புஞ்சையில களை கெடக்கு" என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டார். கடைசியில் யாரோ தூரத்துச் சொந்தக்காரர் மடியில் உட்காரவைத்துப் பையனுக்குக் காது குத்தினார்கள். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்தினால், குத்துவது காதை என்றாலும் அறுபடுவது பெற்றவள் மூக்குதான்.

இப்போது என் மகள் சுகப்பிரியாவுக்குக் காதுகுத்து. அண்ணன் போனிலேயே உத்தரவு போட்டுவிட்டார்.

"ஏத்தா முருகு, காலை டிபனுக்கு மொத சாம்பாரு என் கரண்டியிலதான் ஊத்தணும். நான்தான் ஊத்துவேன். எடுத்துத் தேச்சு வையி."

என் கல்யாணத்துக்கு அவர் கொடுத்த கரண்டி அது. முழங்கை நீளத்துக்குக் காம்பு, அதில் அவர் பெயர், அகலமான வாய், கனத்த எவர்சில்வர். பரணிலிருந்து இறக்கிப் புளி போட்டுத் தேய்த்து அடுப்படி மேடையில் வைத்தேன். மகள் அதைத் தொடப்போகும்போதெல்லாம், "மாமா கரண்டி! தொட்ட, கைய ஒடிச்சிருவேன்" என்று கத்தினேன். அவளும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "மாமா கண்டி, மாமா கண்டி" என்று அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். விதி யாரை விட்டது? தாம்பூலப் பையில் தேங்காயும் வெற்றிலையும் எல்லாரும்தான் வைக்கிறார்கள், நாம் மல்லிகை வாசம் வரும் மெழுகுவர்த்தி வைப்போம் என்று எனக்கு ஆசை. அருப்புக்கோட்டையில் ரேணுகாதேவி அக்காவிடம் மெழுகுவர்த்தி செய்யப் படித்திருந்தேன். அந்த அக்கா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். "மெழுகு கிண்டுறதுக்குன்னு தனியா ஒரு கரண்டி வச்சுக்க. அது சமையலுக்குப் போகக்கூடாது, சமையல் கரண்டி இதுக்கு வரக்கூடாது. கிண்டி முடிச்சதும் சூட்டோட பழைய பேப்பர வச்சுத் தொடச்சிரு. ஆறவிட்ட, செத்த." எனக்கு மெழுகு வாங்க ஞாபகம் இருந்தது, திரி வாங்க ஞாபகம் இருந்தது, தனிக் கரண்டி மட்டும் மறந்துபோனது.

விசேஷத்துக்கு முதல்நாள் காலையில் வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து மெழுகை உருக்கிவிட்டேன். முதலில் வேப்பங்குச்சியை ஒடித்துக் கிண்டினேன். பட்டை உரிந்து மெழுகெல்லாம் மிதந்தது, பார்க்கக் கஷாயம் மாதிரி இருந்தது. பிளாஸ்டிக் கரண்டியை விட்டேன், அது தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டது. மரக்கரண்டி நன்றாகத்தான் கிண்டியது. ஆனால் சிவப்புச் சாயத்தைக் குடித்து வைத்துக்கொண்டு, அடுத்த ஈடு வெள்ளை மெழுகில் போய்க் கக்கியது. மரம் குடித்ததை விடாது என்று அக்கா சொன்னது அப்போதுதான் உறைத்தது.

என் வீட்டுக்காரர் ஆனந்தகுமார் விசைத்தறி ஓட்டுகிறவர். பெண்டாட்டிக்கு உதவுகிறேன் பேர்வழி என்று தறிக்கொட்டகையிலிருந்து ஒரு இரும்புக் கம்பியைக் கொண்டுவந்தார்.

"இதுல கிண்டு. வளையாது, உருகாது."

வளையவில்லை, உருகவில்லை. தறி எண்ணெய்தான் இறங்கியது. மெழுகு கறுத்துவிட்டது.

"எழவு வீட்டுக்கா மெழுகுவத்தி செய்யிறேன்? போங்க அந்தப் பக்கம்!" என்று கத்திவிட்டுப் பாக்கியிருந்த மெழுகையெல்லாம் உருக்கிச் சிவப்புச் சாயத்தைப் போட்டேன். இதுவும் கெட்டால் தாம்பூலப் பையில் வேப்பங்குச்சிதான் வைக்கவேண்டும். திரும்பினால் மேடையில் அண்ணன் கரண்டி பளபளவென்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. எடுத்து உள்ளே விட்டேன்.

அடடா, என்ன கரண்டி! எவர்சில்வர் சாயத்தைக் குடிக்கவில்லை, வாசத்தைப் பிடித்துவைக்கவில்லை. அடிவரை போய் வழித்துக்கொண்டு வந்தது. காம்பு முக்கால்வாசி முங்க, நன்றாகக் கலக்கி அச்சில் ஊற்றினேன். சூட்டோடு துடைக்கப் பேப்பரை எடுக்கிறேன், போன் அடிக்கிறது. அண்ணன்.

"ஏத்தா, கரண்டிய தேச்சிட்டியா?"

"தேச்சிட்டேன் அண்ணே" என்று ஆரம்பித்த பேச்சு, சீர்த்தட்டு, மாலை, வேன் வாடகை என்று நீண்டு, அவர் வைப்பதற்குள் கரண்டி சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டது.

வெந்நீரில் முக்கினேன். மெழுகு உருகி மேலே மிதந்தது. சந்தோஷமாகக் கரண்டியைத் தூக்கினால் மிதந்த மெழுகெல்லாம் திரும்ப ஒட்டிக்கொண்டு வந்தது. முக்க முக்க உருகியது, தூக்கத் தூக்க ஒட்டியது. அந்த வெந்நீரை என் வீட்டுக்காரர் கொண்டுபோய்க் குளியலறைச் சாக்கடையில் ஊற்றிவிட்டார். அங்கே அது ஆறி இறுகி, தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. விருந்தாளிகள் வருகிற வீடு! நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் எங்கள் ஊர் வெயில்தான் கைகொடுத்தது. மொட்டைமாடியில் காயப்போட்டதும் மெழுகு இளகியது. பேப்பரைச் சுருட்டித் தேய்க்கத் தேய்க்க வந்துவிட்டது.

எல்லாம் வந்துவிட்டது, எழுத்துக்குள் போனதைத் தவிர. புள்ளி புள்ளியாக வெட்டிய பள்ளத்துக்குள் சிவப்பு மெழுகு இறங்கி, 'திருச்சுழி பூமிநாதன் அன்பளிப்பு' என்று பஸ் போர்டு மாதிரி தெரிந்தது. ஊக்கை வைத்துக் குத்தினேன். ஊக்குதான் வளைந்தது.

"முத்துமாரி கதைதான் நமக்கும்" என்று அழுதேன். என் வீட்டுக்காரர் சமாதானம் சொல்ல வாயெடுத்தார். முறைத்தேன், மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை மண்டபத்துக்குச் சீர்த்தட்டோடு வந்த அண்ணன், மாலையைக்கூட இறக்காமல் நேரே பந்திக்கு வந்தார். பெருவிரலால் எழுத்தை மறைத்தபடி கரண்டியைக் கொடுத்தேன். அவர் விடுவாரா? விரலை விலக்கிப் பார்த்தார்.

"ஏத்தா... எம்பேருக்குப் பெயிண்டு அடிச்சியா?"

எழுத்தை விரலால் ஆசையாகத் தடவினார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"ஊரெல்லாம் பாத்திரம் குடுத்திருக்கேன். ஒருத்தருக்கும் இது தோணலையே! ஏப்பா, படிங்கப்பா. கண்ணாடி இல்லாமயே படிக்கலாம்" என்று பந்தியில் ஒவ்வொருவர் மூக்குக்கு நேராகவும் நீட்டிக் காட்டினார். பிறகு கொதிக்கக் கொதிக்க வந்த சாம்பார் வாளிக்குள் கரண்டியைக் காம்பு முங்க இறக்கிக் கலக்கினார்.

அந்தச் சூட்டுக்கு மெழுகு தாங்காதே என்று வாளிக்குப் பின்னாலேயே நடந்தேன்.

இலை இலையாக ஊற்றிக்கொண்டே போனார். கடைசி வரிசையில் ஒருவர், "சாம்பார்ல மல்லிகைப்பூ வாசம் வருதே" என்றார். சமையல்காரர் வீரபத்திரன் ஓடிவந்து, "நான் மல்லித்தழைதான் போட்டேன், சத்தியமா பூ போடல" என்றார். வாளி காலியானது. அண்ணன் பெருமையோடு காம்பைத் துடைத்துத் தூக்கிப் பார்த்தார். சிவப்பு இல்லை. எழுத்து பழையபடி மங்கிக் கிடந்தது.

அவர் முகம் மாறியது. மல்லாங்கிணற்றில் ஆட்டுத் தாம்பாளத்தைப் பார்த்த அதே முகம்.

"எம்பேரு எங்க?"

மேடையில் ஆசாரி ஊசியோடு காத்திருக்கிறார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு என் மகள் உட்கார்ந்திருக்கிறாள். நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது. எனக்குப் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது.

"சாம்பார்ல கெடக்கு அண்ணே! அது பெயிண்டு இல்ல, மெழுகு. நேத்து உங்க கரண்டியிலதான் மெழுகு கிண்டுனேன். மத்ததெல்லாம் உருப்படல, உங்க கரண்டிதான் உருப்படியா இருந்துச்சு. மடி தரமாட்டீங்கன்னா இப்பவே சொல்லிருங்க. பச்சப்புள்ள மொட்டை போட்டு உக்காந்திருக்கு!"

பந்தியில் மென்ற வாயெல்லாம் நின்றது. அண்ணன் வாளியைப் பார்த்தார். இலைகளைப் பார்த்தார்.

"அப்ப எம்பேரு... இவுக வயித்துலயா?"

என் வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் உருப்படியாக ஒன்று சொன்னார். "ஆமா மச்சான். ஒருத்தர் பாக்கியில்லாம."

அண்ணன் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. "பாத்திரத்துல வெட்டுனா ஆட்டுக்கு வச்சிருவாக மாப்ள. வயித்துக்குள்ள போனத யாரு எடுக்க முடியும்?" என்றவர், அண்டாவிலிருந்து ஒரு வாளி சாம்பாரை மொண்டுவந்து, "இந்தா, பேரு பத்தாம இருக்கும், இன்னுங் கொஞ்சம் ஊத்திக்க" என்று இரண்டாம் சுற்று ஆரம்பித்தார். வேண்டாம் என்று சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை.

பிறகு மேடை ஏறிச் சம்மணம் போட்டு மடியைத் தட்டினார். மகளை உட்காரவைத்தேன். கண்ணீர் முட்டியது, அடக்கவில்லை. ஆசாரி ஊசியை வைத்ததும் மண்டபமே அதிர அலறினாள். அம்மா என்று அழவில்லை, அப்பா என்று அழவில்லை.

"கண்டி மாமாஆஆ!"

மண்டபம் சிரிப்பில் வெடித்தது. பெயருக்காகச் சொந்தத்தையே விட்ட மனுஷனைப் போய்க் கரண்டி மாமா என்கிறாளே! அண்ணன் அவள் மொட்டைத் தலையைத் தன் கன்னத்தோடு அணைத்துக்கொண்டார்.

"என்னத்தா? மாமா இங்கனதான இருக்கேன்."

அவள் அழுகையை நிறுத்திய பிறகும் அவர் நிறுத்தவில்லை.

அடுத்த வாரம் போன் வந்தது. "திருச்சுழி பஸ்ஸுல கண்டக்டர்கிட்ட ஒரு கரண்டி குடுத்து விட்டிருக்கேன். பாளையம்பட்டி ஸ்டாப்புல வாங்கிக்க. பழசு மெழுகுக்கு, புதுசு அடுப்புக்கு. மாத்திக் கீத்திப் போட்ட, அப்புறம் உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

கரண்டியைக் கையில் வாங்கியதும், அண்ணனோடு பிறந்த குணம், நானும் காம்பைத் திருப்பிப் பார்த்தேன். திருச்சுழியும் இல்லை, பூமிநாதனும் இல்லை. 'கரண்டி மாமா அன்பளிப்பு' என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது.