நடக்குமுன் வந்த தடியடி

இரண்டாயிரத்து எட்டில் புதுவையில் தட்டாஞ்சாவடிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் கார்குழலிக்கு வேலை. கடையைத் திறந்ததும் 'புதுவை நொடி' என்ற இணையதளத்தைப் பார்ப்பாள். அன்றைக்கு அதில் என்ன இருந்தது கேளுங்கள், கண்ணுகளா.

'பிளாஸ்டிக் கம்பெனி வாசலில் இளைஞர்கள் கல்வீச்சு. போலீசார் லேசான தடியடி.'

அங்கேதான் அவள் அண்ணன் முகிலன் மறியலில் உட்கார்ந்திருந்தான். பயிற்சிக்கு எடுத்த பிள்ளைகளைச் சொல்லாமல் கொள்ளாமல் கம்பெனி வெளியே தள்ளியிருந்தது. போன மறியலில் முறிந்த அவன் கைக்குள் இன்னும் கம்பி இருந்தது. இன்னொரு அடி பட்டால் அந்தக் கை உதவாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

போட்டது போட்டபடி ஓடினாள்.

அங்கே ஒன்றுமே நடந்திருக்கவில்லை. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எதிரே வேனில் போலீசார். வேனை ஒட்டி, கழுத்தில் கேமராவோடு 'புதுவை நொடி' நிருபர் கமலக்கண்ணன்.

"ண்ணா, உங்கள அடிச்சாச்சுன்னு நெட்ல போட்டுட்டான்!"

"எனக்கே தெரியாம எப்ப அடிச்சாங்க?" என்றான் முகிலன். எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிக்காத. போட்டாச்சுன்னா அடிக்கத்தான் போறாங்க. எழுந்து வா."

"அவன் எழுதினான்னு நான் எழுந்திருக்கணுமா? போடி."

அவள் நேரே கமலக்கண்ணனிடம் போனாள். "கல்லு எங்கய்யா?"

"மத்தவனுக்கு முன்னாடி போட்டாத்தாம்மா நியூஸ். இன்ஸ்பெக்டர் சொன்னாரு, போட்டேன். எப்படியும் நடக்கப்போறதுதான?"

"அப்ப நீயும் வந்து உட்காரு."

கேமராப் பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கூட்டத்தின் நடுவில் உட்கார வைத்துவிட்டாள். பிள்ளைகள் அவனைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்தார்கள்.

"விடுங்கடா! நான் பிரஸ்!"

"அதான் சார் நடுவுல எடம் குடுத்திருக்கோம். அடி கிட்டத்துல தெரியும், நல்லா படம் புடிங்க."

விசில் ஒலித்தது. லத்திகளோடு போலீசார் இறங்கினார்கள். கமலக்கண்ணன் அலறினான்.

"சார், இவங்க ஒரு கல்லுகூட எறியல சார்! நீங்க சொன்னதத்தான் போட்டேன்!"

அப்போதுதான் ஷிப்ட் முடிந்து கேட் வழியாகப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

"வாய மூட்றா!" என்றார் இன்ஸ்பெக்டர். நிற்கிற பெண்களை ஒருமுறை பார்த்தார். லத்தியால் வேனை ஓங்கி அடித்தார். "எல்லாம் கலைஞ்சிடணும். நான் திரும்பி வந்தா ஒருத்தனும் நடந்து வூடு போய்ச் சேரமாட்டீங்க."

"நாளைக்கும் வருவோம்" என்று சொல்லிக்கொண்டே முகிலன் எழுந்தான்.

கமலக்கண்ணன் பல்லைக் கடித்தான். "நாளைக்கு உன் மூஞ்சிதான்டி மொதப் படம். ரவுடிப் பொண்ணுன்னு போடுறேன் பாரு."

"போட்டுக்கோ. இப்ப அசையாத. நீ இங்க இருக்கறவரைக்கும் அவங்க அடிக்கமாட்டாங்க."

அண்ணன் ஒற்றைக் கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துச் சைக்கிளை மிதித்துக்கொண்டு முனை திரும்பும்வரை கார்குழலி அந்தப் பட்டையை விடவில்லை.