ஞாயிற்றுக்கிழமை சின்ன கோல்

என் தம்பி டெரோன் லெசாமா நாட்டுக் கால்பந்து அணிச் சட்டை போட்டுக்கொண்டு சொந்த நாட்டு மைதானத்தில் ஆடி யாரும் பார்த்ததில்லை. ஹோண்டுராஸ்காரன் அவன் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறான். வியட்நாம்காரன் பார்த்திருக்கிறான். ஃபின்லாந்தில் குளிரில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தவர்கள்கூட இருக்கிறார்கள். டிரினிடாட்டில் மட்டும் ஒருத்தரும் இல்லை. நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவன் மேல் குற்றமில்லை. இங்கே பாயிண்ட் ஃபோர்ட்டினில் அவன் சேர்ந்த கிளப்பை முதல் ஆட்டத்துக்கு முன்னாலேயே இழுத்து மூடினார்கள். பிழைப்புக்கு வெளிநாடு போனான். முதல் முறை நாட்டு அணிக்கு அழைத்தபோது, கால்பந்துச் சங்கத்து மகராசர்கள் மூன்று நாடு சுற்றி வரும் விமானத்தில் டிக்கெட் போட்டார்கள். அவன் வந்து இறங்கியபோது ஆட்டம் முடிந்து மைதானத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்த முறை நேரத்துக்கு வந்தான். அதற்குள் அழைத்த கோச்சையே மாற்றியிருந்தார்கள். புதிய கோச்சுக்கு இவன் யாரென்றே தெரியவில்லை.

பிறகு பல வருடம் சத்தமே இல்லை. காலையில் கட்டிலை விட்டு இறங்க முழங்கால் யோசிக்கிற வயதில் மறுபடி அழைத்தார்கள். கௌதமாலாவுடன் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம், எங்கள் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில். இதை விட்டால் இனி இல்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்தான். திங்கட்கிழமை முகாமில் சேர வேண்டும். நடுவில் வந்த ஞாயிறுதான் குடியைக் கெடுத்தது.

எங்கள் தெருக்கோடி மைதானத்தில் ஞாயிறு மதியம் சின்ன கோல் ஆடுவார்கள். முழங்கால் உயர இரும்புச் சட்டம்தான் கோல். கோல்கீப்பர் கிடையாது, ரெஃப்ரி கிடையாது, ஷூ கிடையாது. கோல் வாங்கிய அணி வெளியே போகும், காத்திருக்கும் அணி உள்ளே வரும். எந்த நாட்டிலிருந்து திரும்பி வந்தாலும் அங்கே இறங்கி ஒரு ஆட்டம் ஆடியாக வேண்டும். ஆடாதவனைப் ‘பெரிய மனுஷன்’ என்பார்கள். அதைவிடக் கெட்ட வசவு எங்கள் தெருவில் கிடையாது.

அவன் இப்போது ஆடும் ஃபின்லாந்து கிளப்போ, நாட்டு அணியைத் தவிர வேறெங்கும் பந்தைத் தொடக்கூடாது, தொட்டு அடிபட்டால் வேலை போய்விடும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தது.

நான் சீஸ் போட்டுச் சுட்ட மாக்கரோனியை அடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். ஆன்சில் வாசலில் வந்து நின்றான். டெரோனின் பள்ளித் தோழன், வெல்டிங் பட்டறைக்காரன். அந்த இரும்பு கோல்களைப் பற்றவைத்ததே அவன்தான்.

“என்ன மாப்ள, நேத்தே வந்துட்ட, மைதானம் பக்கம் ஆளையே காணோம்?”

“நாளைக்கு கேம்ப்டா. வேணாம்.”

“அடேங்கப்பா! ஐஸ்ல ஆடி ஆடி காலு கண்ணாடி ஆயிடுச்சா? தொட்டா ஒடஞ்சுருமோ?”

“ஆன்சில், வாய மூடிக்கிட்டுப் போறியா இல்லியா?” என்று நான் உள்ளிருந்தே கத்தினேன்.

“விடுங்க மார்வாக்கா. பெரிய மனுஷன் வரமாட்டாருன்னு பசங்ககிட்ட சொல்லிடறேன்.”

அவ்வளவுதான், டெரோன் செருப்பைக் கழற்றினான்.

“டேய், போகாதடா. ஒரு வாரம் பொறுத்துக்கக் கூடாதா?”

“ஒரே ஒரு ஆட்டம்க்கா. சூடு ஆறுறதுக்குள்ள வந்துடறேன்.”

சூடு ஆறுவதற்குள் வந்துவிட்டான்தான், இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு. இவன் கோலுக்குப் பந்தைத் தள்ளப் போகும் நேரம் பார்த்து ஆன்சில் பின்னாலிருந்து காலை விட்டிருக்கிறான். கணுக்கால் ரொட்டி மாவு மாதிரி உப்பியிருந்தது. சுறா எண்ணெய் தடவத் தடவத் திட்டினேன்.

“யார்கிட்டயும் சொல்லிடாதக்கா. கிளப்புக்குத் தெரிஞ்சா என் கதை முடிஞ்சுது” என்றான்.

திங்கட்கிழமை காலை இறுகக் கட்டிக்கொண்டு முகாமுக்குப் போனான். மாத்திரை போட்டுப் போட்டு ஓடினான். கோச்சிடம் மூச்சு விடவில்லை. குளிரிலிருந்து வந்த உடம்பு, வெயில் பழகவில்லை என்று நினைத்துக்கொண்டு அவர் இவனை மாற்று ஆளாகப் பெஞ்சில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு எங்கள் தெருவே வண்டி பிடித்துப் போனது. என் பக்கத்து இருக்கையில் ஆன்சில், முதுகில் லெசாமா என்று எழுதிய சட்டையோடு. இரண்டாம் பாதியில் கௌதமாலா ஒரு கோல் போட்டது. எங்கள் பையன்கள் பந்தை வானத்துக்கு உதைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கோ ஒரு மூலையில் “லெசாமா! லெசாமா!” என்று ஆரம்பித்தது மைதானம் முழுக்கப் பரவியது. என் தம்பியின் பெயரை என் நாடே கத்துகிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கோச் திரும்பிப் பார்த்துக் கையசைத்தார். டெரோன் எழுந்து கோட்டோரமாக ஓடினான். திரும்பும்போது கால் மடங்கியது. மறுபடி ஓடிப் பார்த்தான். மறுபடி மடங்கியது. கோச்சைப் பார்த்து முடியாதென்று தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தான். கால் விஷயம் எங்கள் தெருவுக்குத்தான் தெரியும். மற்றவர்கள் கண்ணுக்கு, கூப்பிட்டார்கள், மாட்டேன் என்றான், அவ்வளவுதான்.

பெயரைக் கத்திய அதே வாய்கள் ஊளையிட்டன.

“வெளிநாட்டுக்காரனுக்குக் கால பத்திரப்படுத்துறான் பாருய்யா!”

“திரும்பி ஐஸுக்கே போடா!”

பெஞ்சைப் பார்த்துத் தண்ணீர் பாட்டில் பறந்தது. என் காதுக்குப் பக்கத்திலேயே ஒரு குரல், “எறங்குடா, பயந்தாங்கொள்ளி!” ஆன்சில்.

அவன் காலரைப் பிடித்தேன். “ஒதச்சவனே நீதானடா!”

“நான் எங்கக்கா ஒதச்சேன்? லேசா பட்டுச்சு. சின்ன கோல்ல அதையெல்லாம் யாராவது ஃபவுல்னு சொல்லுவாங்களா?”

மனதார அப்படித்தான் நினைத்தான் அந்த மடையன். எழுந்து நின்று நடந்ததை ஊருக்குச் சொல்லலாம் என்றால் தம்பியின் பிழைப்புப் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்களுக்குக் கோல் விழவே இல்லை. நாட்டுக்காக ஆட மனமில்லாதவன் இனி இந்த அணிக்குத் தேவையில்லை என்று கோச் ரேடியோவில் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை டெரோன் ஐஸ் வாளியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாசலில் ஆன்சில் வந்து நின்றான்.

“மாப்ள, ஒரு ஆள் கொறையுதுடா. ஓட வேணாம், கோலுக்கு முன்னால சும்மா நின்னாப் போதும்.”

நான் துடைப்பத்தை எடுத்தேன். டெரோனோ வாளியிலிருந்து காலை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“உனக்கு மானம் ரோஷம் எதுவும் இல்லியாடா?”

“போன வாரம் இவன் கால விடறதுக்கு முன்னாடி பந்தோட ரெண்டு பேர ஏமாத்திட்டுப் போனேன்க்கா. சுத்தி நின்னவங்க குதிச்சாங்க. இந்த நாட்டுல நான் ஆடிப் பாத்தவங்கன்னா இவங்கதான். வேற யாரு பாத்தாங்க, சொல்லு?”

ஆன்சில் தோள் கொடுத்தான். இருவரும் நொண்டி நொண்டித் தெருவில் இறங்கினார்கள்.

அவன் ஆடி நானும்தான் பார்த்ததில்லை. ஞாயிறு மதியம் எனக்கு எப்போதும் அடுப்படி. துடைப்பத்தைப் போட்டேன், அடுப்பை அணைத்தேன். இரண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பின்னால் போனேன்.