பெரட்டுக்கு ஓர் ஆள்

அம்மாவைப் புதைத்த மண் காயுமுன் தேயிலைத் தோட்ட அதிகாரி கண்டாக்கு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்துவிட்டார். "இந்த வீட்டிலேருந்து பெரட்டுல நின்னு வேலைக்குப் போக ஆளில்ல. நாளைக்கும் யாரும் வரலேன்னா தோட்டத்துக் காம்பராவக் காலி பண்ணிருங்க."

மலையில் விழுந்து இடுப்பொடிந்த அப்பா படுத்தபடியே மகனைப் பார்த்தார். "நீ பரீட்சைக்குப் போ வடிவேலு. என்னைய ரோட்டுல தூக்கிப் போடட்டும்."

மறுநாள்தான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விவசாயப் பொருளாதார இறுதிப் பரீட்சை. கூலி கூடுதலான இடத்துக்குத் தொழிலாளி தானாக நகர்வான் என்பதை வடிவேல் மனப்பாடம் செய்திருந்தான். இடுப்பொடிந்த அப்பாவை எங்கே நகர்த்துவது என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

விடியுமுன் தொழிலாளர்களை வேலைக்கு அழைக்கும் பெரட்டுத் தப்பு ஒலித்தது. அம்மாவின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வரிசையில் போய் நின்றான்.

"என்னா தொரை, தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி பிடிக்கத் தெரியுமா?" கங்காணி சிரித்தார்.

"தெரியாதுங்க. பேரப் போட்டுக்கங்க."