இரத்தக்குழாயோரத்துச் சூடு

வாப்பாவின் சிறுநீரகத்தில் இருந்த கட்டியைக் கணினித் திரையில் மறுபடி மறுபடி உறையவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் றுஸைனா. பல்கலைக்கழகத்தில் கணிதம் படிப்பிப்பவள். உயிருள்ள சதையை ஊசியால் குளிரூட்டும்போது சூடு எப்படி நகர்கிறது என்பதுதான் அவளுடைய ஐந்து வருட ஆராய்ச்சி. அது மாத்தளையில் தன் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும் என்று அவள் நினைத்ததில்லை.

வாப்பா பதுர்தீனுக்கு இதயம் பலவீனம். வயிற்றைத் திறக்க முடியாது. அதனால் கண்டியில் டொக்டர் தனுஜன் இரண்டு ஊசிகளைச் செலுத்திக் கட்டியை உறையவைப்பதாக ஏற்பாடு. றுஸைனாவின் ஆராய்ச்சிக்கு ஸ்கேன் படங்கள் தந்து உதவுபவரும் அவர்தான். சிகிச்சை மறுநாள் காலை.

கட்டி முழுவதும் பூச்சியத்துக்குக் கீழே நாற்பது பாகைக்கு இறங்கவேண்டும். திரையில் ஓர் ஓரம் மட்டும் பதினெட்டிலேயே நின்றது. பக்கத்தில் ஓடிய பெரிய இரத்தக்குழாய் விடாமல் சூட்டைக் கொண்டுவந்து கொட்டியது. அந்த ஓரம் பிழைத்தால் கட்டி மறுபடி வளரும். குளிரைக் கூட்டினாலோ, முன்னால் ஒட்டிக்கிடக்கும் குடல் ஓட்டையாகலாம்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கணக்கில் போட்டிருந்தது ஆரோக்கியமான ஒருவரின் இரத்த ஓட்டம். வாப்பாவின் இதயம் அவ்வளவு வேகமாகத் தள்ளாது. ஓட்டத்தைக் குறைத்தாள், இருபத்தொன்பது வந்தது. எதை நம்புவது?

பல்லேபொலவில் மிளகுத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு த்ரீவீலில் வந்திறங்கிய பதுர்தீன், மகளின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"கணக்கு சரி வரல்லையா மகள்?"

"வாப்பா... நாளைக்குப் போகாம இருப்போமா?"

"எனக்கிட்ட மறைங்க, பரவாயில்ல. டொக்டருக்கிட்ட மறைக்காதீங்க."

றுஸைனா டொக்டரின் இலக்கத்தை அழுத்தினாள். இரண்டு விடைகளையும் அவள் சொல்லி முடித்ததும் தனுஜன் கேட்டார்.

"இது உங்கட கணக்கா, மகளின்ர பயமா?"

"ரெண்டும்தான் டொக்டர்."

"அப்ப ஊகிக்க வேண்டாம், அளந்து பார்ப்பம். அந்த ஓரத்தில வெப்பநிலை காட்டுற ஊசி ஒண்டு வைக்கிறன். மூண்டாவது குளிர் ஊசியும் தயாரா இருக்கட்டும்."

மறுநாள் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வெளியே அவள் காத்திருந்தாள். நாற்பது நிமிடத்தில் முடியும் என்றார்கள். ஒன்றரை மணி நேரமாகியும் கதவு திறக்கவில்லை. வாயில் பிரார்த்தனையாகத் துஆ ஓடியது, மனதிலோ எண்கள்.

கடைசியில் தனுஜன் வெளியே வந்தார்.

"அந்த ஓரம் முதல் ரெண்டு ஊசிக்கும் இருபத்துமூண்டுக்குக் கீழ இறங்கேல்ல. குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடையில திரவம் விட்டுத் தள்ளிவைச்சிட்டு, மூண்டாவது ஊசியையும் போட்டன். நாற்பத்திரண்டுக்கு வந்திட்டுது. குடலுக்கு ஒண்டுமில்லை."

பதினெட்டு, இருபத்தொன்பது என்ற அவளுடைய இரண்டு விடைகளுமே பிழை. அது அவளுக்கு உறைக்கவே சற்று நேரமானது.

மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் அந்த ஓரத்தில் உயிருள்ள கட்டி எதுவும் தெரியவில்லை. வேனில் ஏறியதும் றுஸைனா விம்மி அழத் தொடங்கினாள். பதுர்தீன் தெருவில் போகிறவர்கள் பார்க்காதபடி ஜன்னல் திரையை இழுத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.