பறிபோன நாவலும் பதினோராம் அத்தியாயமும்

1

இந்தக் கதை ஒரு திருடர் எனக்குப் போட்ட பிச்சை. (திருடன் என்றே எழுதலாம்தான். ஆனால் அவர் புத்தகம் எழுதியவர், நான் எழுதாதவன். மரியாதை கொடுத்துத்தான் ஆக வேண்டும்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்:

அன்று வானம் தன்னைத் தானே வெறுத்துக்கொண்டிருந்தது.

அடித்துவிட்டேன். வானத்துக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. அடுத்து, நான் ஒரு

அங்கேயே நின்றுவிட்டேன். 'நான்' என்று எழுதினாலே வாசகர் நம்பிவிடுகிறார். அவ்வளவு நம்பிக்கையைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. ஆகவே இனி நான் இந்தக் கதையில் 'அவர்'.

2

அவர் ஓய்வுபெற்ற தபால் ஊழியர். மனைவி முப்பது வருடமாக ஒரு பதிப்பகத்துக்குப் பிழை திருத்துபவள். கண்ணில் பட்ட தப்பை விட்டுவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. மருந்துச் சீட்டைக்கூடச் சிவப்புப் பேனாவோடுதான் வாங்குவாள்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் இருவரும் வெளியூர் போயிருந்தபோது வீட்டில் திருட்டு. ரேடியோ, கைக்கடிகாரம், ஒரு தோல்பை. பையில்தான் அவருடைய நாவல் இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், 'முற்றும்' போட்டது. [எண்ணைக் கவனிக்கவும். வெறும் முந்நூறு என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.]

அதன் பிறகு அவர் பேனாவைத் தொடவில்லை. யாரும் தொடச் சொல்லவும் இல்லை. மைத்துனர் இன்றைக்கும் அவரை "நாவலையே பறிகொடுத்தவர்" என்றுதான் அறிமுகம் செய்வார். உடனே யாராவது எழுந்து நாற்காலி கொடுப்பார்கள். நாவல் எழுதியவர்களுக்குக்கூட அந்த நாற்காலி கிடைத்ததில்லை.

3

புரூஃப் பார்ப்பதில் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கையெழுத்துப் பிரதியை அவர் உரக்க வாசிக்க வேண்டும், காற்புள்ளி, முற்றுப்புள்ளி உட்பட. அவள் எதிரே உட்கார்ந்து அச்சுத்தாளோடு ஒப்பிடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசைக்கு வந்தது, திருந்திய திருடர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு. நிறை குறைகளை ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படியும் பதிப்பாளர் கேட்டிருந்தார்.

பத்து அத்தியாயம் ஜோராகப் போயிற்று. "மனுஷன் என்னமா எழுதறார்!" என்று அவரே இரண்டு தடவை மெச்சினார். பதினொன்றில் ஒரு பச்சை ஜன்னல் வந்தது. அப்புறம் ஒரு கால் ஆடும் சாப்பாட்டு மேசை வந்தது. அவர் அதன் மேல்தான் முழங்கையை ஊன்றியிருந்தார். கண் நாலு வரி முன்னால் ஓடியது. வாய் சட்டென்று அடுத்த பக்கத்துக்குத் தாவியது.

"ஒரு பத்தி விட்டுட்டீங்க."

"அது சும்மா வர்ணனைம்மா."

"வர்ணனைன்னா அதுல பிழை இருக்காதா? படிங்க."

படித்தார். "ஆசையாகத் தோல்பையைத் திறந்தேன் முற்றுப்புள்ளி உள்ளே ஒரு கட்டு வெள்ளைத்தாள் முற்றுப்புள்ளி மேல் தாளில் மட்டும் ஒரே ஒரு வரி முற்றுப்புள்ளி அன்று வானம் தன்னைத் தானே வெறுத்துக்கொண்டிருந்தது முற்றுப்புள்ளி எனக்கே பாவமாகப் போய்விட்டது ஆச்சரியக்குறி."

தன் மானம் போவதைத் தானே புள்ளி வைத்து வாசித்தவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அவள் தலை நிமிரவில்லை. "ஆச்சரியக்குறி இங்க வேண்டாம்," என்று அடித்தாள். "ம், மேல படிங்க."

"உனக்குக் கோபமே வரலையா?"

"அந்தப் பையை வாராவாரம் திறந்து தூசி தட்டினது யாருங்க?"

[இங்கே 'அவர் அழுதார்' என்று எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். அழுதார்.]

4

சாயங்காலம் மேசையில் ஓர் உறை இருந்தது. மறுநாள் பதிப்பகத்தில் அவர்தான் சேர்க்க வேண்டும். ஒட்டவில்லை. தபால்காரப் புத்தி, பிரித்தார்.

நிறை: பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறார். பூட்டைப் பற்றி எழுதினால் பூட்டு தெரிகிறது. தன்னை வீரனாக்கிக்கொள்ளவில்லை.

குறை: பறிகொடுத்தவர்கள் மறுநாள் எப்படி எழுந்து நடமாடினார்கள் என்று ஓரிடத்திலும் யோசிக்கவில்லை. கூட்டாளியைக் காட்டிக்கொடுத்ததை இரண்டே வரியில் தாண்டிவிடுகிறார். பதினோராம் அத்தியாயத்தில் தகவல் பிழை உள்ளது. தோல்பை பற்றிய பத்தியை நீக்கவும். அந்தப் பையில் முழு நாவல் இருந்தது. நான் படித்திருக்கிறேன்.

முப்பது வருடத்தில் அவள் தெரிந்தே விட்ட முதல் பிழை. அதுவும் அவள் கையாலேயே எழுதியது. அவர் அந்தத் தாளை வெகுநேரம் கீழே வைக்கவில்லை.

5

முடிவு ஒன்று: உறையை அப்படியே கொடுத்துவிடுகிறார். நாற்காலி பத்திரம். ஒரு திருடர் உண்மையைச் சொன்னதற்காகப் பொய்யராகிறார்.

முடிவு இரண்டு: கடைசி நான்கு வாக்கியங்களை அடித்துவிடுகிறார். உண்மை பிழைக்கும். ஆனால் அவளுடைய முப்பது வருட நேர்மையை உடைத்து அவள் நீட்டியதை, வேண்டாம் என்று

முடிவு மூன்று: திருடர் நேரிலேயே வீட்டுக்கு வந்து மன்னிப்பு... வேண்டாம், ஒரு தடவை வந்ததே போதும்.

இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தவன்தான், எதையும் தேர்ந்தெடுக்காமலே ஐந்தாம் பகுதிவரை வந்துவிட்டேன். முதல் வரியைத் தாண்டியது வாழ்க்கையில் இதுவே முதல் தடவை. சந்தோஷமாகத்தான் இருக்கிறது. 'அவர்' போதும், நான்தான்.

ஆனால் இதுவும் அவளிடம்தான் புரூஃபுக்குப் போகும். நான்தான் உரக்க வாசிக்க வேண்டும், ஒரு புள்ளி விடாமல். கடைசி வரி முடிந்ததும் அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும்:

"ஒரு பத்தி விட்டுட்டீங்க."

அந்தப் பத்தி உங்களிடம் இருந்தால் கொஞ்சம் சீக்கிரம் கொடுங்கள். அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.