புகைக்குக் காத்திருக்கும் செடி

பறவை பாடி முடித்ததும் சர்ச் கூடத்தில் பாதிப் பேர் மூக்கை உறிஞ்சினார்கள். ஹவாய்த் தீவு ஒன்றில் தன் இனத்திலேயே கடைசியாக மிஞ்சிய ஆண் பறவை, இல்லாத ஜோடியைக் கூப்பிட்ட ஒலிப்பதிவு. போட்டுக் காட்டியவர் திருமதி லோட்டர், எங்கள் குன்றைப் பராமரிக்கும் சங்கத்தின் தலைவி. தென்னாப்பிரிக்காவின் அகல்ஹாஸ் கடலோரப் பெரிய வீட்டுக்காரர்கள்தான் அதன் அங்கத்தினர்கள். என் அம்மா ஃபீனா அவர்கள் நிலத்தில் பூ அறுப்பவள். அன்று டீ ஊற்ற வந்திருந்தாள். அவள் பூ அறுத்த காசில்தான் நான் தாவரவியல் படித்தேன்.

எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. எழுந்தேன்.

"அந்தப் பறவைக்கு இனிமே யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. நம்ம குன்று மேல இருக்கிற சிவப்பாப் பூக்கிற ஹீத் புதர்ச்செடிக்குச் செய்யலாம். அதுக்குப் பாடத் தெரியாது, அதான் யாரும் அழல. செடியெல்லாம் கிழடாகிக் காய்ஞ்சு போச்சு. விதை மட்டும் மண்ணுக்குள்ள உயிரோட கிடக்கு. புகை பட்டாத்தான் முளைக்கும். மழைக்கு முன்னாடி, இந்த மார்ச்சுலயே குன்றைக் கொளுத்தணும்."

"காப்பாத்துறதுக்குக் கொளுத்தணுமா? நல்லாத்தான் படிச்சிருக்க," என்றார் பின்வரிசையில் ஒருவர். சிரித்தார்கள்.

"பாதுகாக்கிறோம்னு இருபது வருஷமா ஒரு பொறி விழவிடல நீங்க. அதான் சாகுது."

திருமதி லோட்டர் சிரிக்கவில்லை. "இங்க வர்றதுக்கு முன்னாடி நாங்க இருந்த வீடு தீயிலதான் போச்சு, ரொசெல்டா. நாயைத் தேடி என் வீட்டுக்காரர் உள்ள போனார். வரல."

 நான் உட்கார்ந்தேன். கோபம் போகவில்லை, அதை யார்மேல் வைப்பதென்றுதான் தெரியவில்லை.

அம்மா கெட்டிலைக் கீழே வைத்தாள். "மேடம், உங்க வீட்டைச் சுத்தி பூ அறுக்கிற பொம்பளைங்க நாங்க புதரை வெட்டிப் பொட்டலாக்கிடறோம். கொளுத்துற அன்னிக்கு உங்க வாசல்ல நான் நிக்கிறேன். இவளை நம்பாதீங்க, இவளுக்கு வாய் மட்டுந்தான்."

"நானும் நிப்பேம்மா."

 லோட்டர் சம்மதமென்று கையைத் தூக்கினார். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள்.

காற்று அடங்கிய ஒரு காலையில் தீயணைப்புக்காரர்கள் குன்றுக்குத் தீ வைத்தார்கள். லோட்டரை மகன் வீட்டுக்குப் போகச் சொன்னோம். போகவில்லை. பொறி விழுந்தால் அடிக்க ஈரச் சாக்கோடு தன் வாசலில் எங்களோடு, அம்மாவின் பக்கத்தில் நின்றார். ஹீத் செடிகள் படபடவென்று எரிந்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"தீ இப்ப எங்க இருக்கு, ஃபீனா?"

"தூரத்துல, மேடம்."

"இப்ப?"

"இன்னும் தூரத்துலதான். என் கையைப் பிடிச்சுக்கோங்க."