நிலுவையில் நின்ற ஆட்டம்

பொன்காளி பல்கலைக்கழகத்தின் வெள்ளி விழாவுக்கு மூன்று புத்தகங்கள் போடுவதென்று முடிவாயிற்று. முதலாவது, வேந்தர் காளியண்ணனின் வாழ்க்கை வரலாறு. இரண்டாவது, பல்கலைக்கழகத்தின் வரலாறு. அதுவும் ஏறக்குறைய முதல் புத்தகம்தான், படங்கள் மட்டும் வேறு. மூன்றாவது, ஆடவர் கூடைப்பந்து அணியின் வரலாறு. மூன்றும் தமிழ்த்துறை இம்தியாஸின் தலையில் விழுந்தன.

இம்தியாஸ் சேலம் கோட்டைப் பகுதிக்காரர். பந்தைக் கையால் தொட்டதில்லை. ஆனால் எதைப் பற்றியும் எழுதிவிடுவார். புதுக் கழிப்பறைத் திறப்பு விழாவுக்கு அவர் எழுதிய வரவேற்புரையைக் கேட்டு வேந்தர் கண்கலங்கியதாகச் சொல்வார்கள். அதனால் அணியின் வரலாற்றை ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தார். விளையாட்டுத்துறை வராந்தாவுக்குப் போய்ப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. ஆண்டுக்கு ஒன்றாகக் குழுப் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. எல்லாப் படத்திலும் பையன்கள் மார்புக்குக் குறுக்கே கை கட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கோப்பை கூட இல்லை. ஒரு தோல்வியின் செய்தி கூட எங்கும் இல்லை.

முதல் அணித்தலைவர் பாலசுந்தரம் இப்போது நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை வைத்திருந்தார். இம்தியாஸ் அங்கே போய்ச் சேர்ந்தார். பாதி கட்டிய லாரி ஒன்றின் அடியிலிருந்து, வயிற்றை முன்னே விட்டுப் பின்னால் தான் வெளியே வந்தார் பாலசுந்தரம்.

"அணியோட வெற்றி தோல்விகளைப் பத்தித் தெரிஞ்சுக்க வந்தேன்" என்றார் இம்தியாஸ்.

"நாங்க தோத்ததே இல்லீங்க சார்."

"அப்ப எல்லாம் ஜெயிச்சீங்களா?"

"ஜெயிக்கவும் இல்லீங்க. ஆட்டம் இன்னும் முடியலீங்களே."

பாலசுந்தரம் டீ வரவழைத்துக் கதையைச் சொன்னார். பல்கலைக்கழகம் தொடங்கிய ஆண்டு, முதல் ஆட்டம், சேலத்துக் கல்லூரி ஒன்றோடு. நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று. பதினோரு விநாடி பாக்கி. பாலசுந்தரமும் சேலத்து அணித்தலைவர் சண்முகவேலும் பந்துக்காக மல்லுக்கட்ட, பந்து எகிறிக் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி, கேரளாவுக்கு முட்டை ஏற்றிப் போன லாரியின் தார்ப்பாய்மேல் விழுந்தது. லாரி நிற்கவில்லை. கடைசியாகப் பந்து பட்டது யார் கையில் என்று சண்டை. நடுவர் மஞ்சுளா விசில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்தினார். பந்து வரட்டும், அப்புறம் பேசலாம் என்றார். பந்து வரவில்லை; வேறு பந்தும் இல்லை. ஆட்டம் நிலுவை என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவர் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்.

"நிலுவை ஆட்டம் முடியாம வேற யாரோடயும் ஆடக் கூடாதுன்னு கூடைப்பந்துச் சங்கத்துல சொல்லிப்போட்டாங்க. சேலத்துக்காரங்களுக்கும் அதே கதிதான். ஆனா அவங்க காலேஜு கல்யாண மண்டபமா ஆயிருச்சுங்க, அவங்களுக்குக் கவலையில்லை."

"அப்ப இத்தனை வருஷமா டீம் எடுத்து, சட்டை தைச்சு, வேந்தர் மாலை போட்டு வழியனுப்பினது?"

"டோல்கேட் வரைக்கும் போய்ப் புரோட்டா சாப்பிட்டுட்டுத் திரும்பீருவாங்க. பெரியவரு மாலை போடற சந்தோசத்தை ஏனுங்க கெடுக்கோணும்?"

இம்தியாஸ் அன்று இரவு தூங்கவில்லை. இத்தனை காலம் இல்லாததை எழுதிப் பிழைத்தவருக்கு, உள்ளதை உள்ளபடி எழுதினாலும் யாரும் நம்பாத ஒரு விஷயம் கிடைத்திருந்தது. மறுநாள் வேந்தரிடம் போய் உள்ளதைச் சொன்னார். வேலை போய்விடும் என்றே நினைத்தார்.

கோழிப்பண்ணை வைத்து முன்னுக்கு வந்த காளியண்ணன், மேஜைமேலிருந்த பீங்கான் கோழியைத் தடவிக்கொடுத்தார்.

"ஏனுங் வாத்தியாரே, இருபத்தஞ்சு வருசமா நம்ம டீமை ஒருத்தனும் தோக்கடிக்கலை. அப்படித்தானுங்களே?"

"அப்படியும் சொல்லலாங்கய்யா."

"அந்தப் பதினோரு செகண்டையும் ஆடி ஜெயிச்சுப்போடலாமுங். புத்தகத்துக்கு ஒரு முடிவு வேணுமில்லீங்களா? ஆளைக் கூப்புடுங்க."

கூப்பிடும் வேலையும் இம்தியாஸுக்கே வந்தது. சண்முகவேல் கொண்டப்பநாயக்கன்பட்டியில் மெத்தைக் கடை வைத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும், வாடிக்கையாளரை மெத்தையில் படுத்த வாக்கிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்தார். "பந்து அவன் கையிலதான் பட்டுச்சு. அதை அவன் ஒத்துக்குவானா? அதை மட்டும் சொல்லுங்க, நான் வரேன்." ஒத்துக்கொள்ள மாட்டார் என்றார் இம்தியாஸ். "அப்ப கண்டிப்பா வரேன்" என்றார் சண்முகவேல்.

மஞ்சுளா வெண்ணந்தூரில் இருந்தார். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. அவர் வியப்பே காட்டவில்லை.

"நான் நிறுத்தின ஆட்டம். நான்தான் தொடங்கி வைக்கோணும். ஆனா அன்னைக்கு ஆடின ஆளுங்கதான் ஆடணும். புது ஆள் கூடாது."

"மேடம், அஞ்சு பேருக்கு எங்க போறது? பாதிப் பேர் வெளிநாட்டுல. தேடிப் பிடிச்சதுல பக்கத்துக்கு மூணு பேர்தான்."

"தொடங்கறதுக்குத்தான் அஞ்சு பேர் வேணும். இது தொடங்கின ஆட்டம். ரெண்டு பேர் நின்னாலே ஆடலாம்." அவர் இம்தியாஸை ஏற இறங்கப் பார்த்தார். "கடிகாரம் நீங்க பாத்துக்குங்க. ஆட்டம் தெரியாத ஆள்தான் ஒழுங்கா மணி பாப்பாங்க."

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் எள் போட்டால் எள் விழாது. பம்பை அடித்தார்கள். 'வென்றது பொன்காளி' என்ற பேனரை வேந்தர் முன்கூட்டியே கட்டச் சொல்லியிருந்தார். பந்தியில் முட்டைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்துக்கு மூன்று பேராக, நாற்பதைத் தாண்டிய ஆறு பேர், பழைய அளவில் தைத்த புதுச் சட்டைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். பாலசுந்தரமும் சண்முகவேலும் ஒருவரை ஒருவர் முறைத்தார்கள்.

"உன் கையிலதான் பட்டுச்சு."

"உன் கையிலதாண்டா பட்டுச்சு."

"யார் கையிலயும் படலை, ஜம்ப் பால்" என்று சொல்லி மஞ்சுளா பந்தை மேலே எறிந்தார். இருவரும் எகிற வேண்டும். இடுப்பை நினைத்து இருவருமே எகிறவில்லை. பந்து நடுவில் விழுந்து, குதித்து, உருண்டு, ஓரமாக வந்து சும்மா கிடந்தது. யார் குனிவது என்று ஆறு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது இம்தியாஸின் கைப்பேசி மணியடித்தது. பதினோரு விநாடி முடிந்துவிட்டது.

வேந்தர் துள்ளி எழுந்தார். "ஜெயிச்சுட்டமா?"

"சமம்" என்றார் மஞ்சுளா. "கூடைப்பந்துல சமம் கிடையாதுங்க. இன்னும் அஞ்சு நிமிசம்."

அந்த ஐந்து நிமிடத்திலும் கூடை விழவில்லை. அடுத்த ஐந்திலும் விழவில்லை. ஒருத்தர் பந்தை வாங்கினால் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இளைப்பாறினார்; மற்றவர்கள் அவரைச் சுற்றி நின்று இளைப்பாறினார்கள். கூட்டம் பந்திப் பக்கம் கரைந்தது. பம்பைக்காரரும் போய்விட்டார். ஆனால் ஆடியவர்கள் முகத்தில் ஏதோ ஏறிக்கொண்டிருந்ததை இம்தியாஸ் பார்த்தார். சண்முகவேல் விழுந்தபோது பாலசுந்தரம் கை கொடுத்துத் தூக்கினார். தூக்கிவிட்டு உடனே பந்தைப் பிடுங்கினார். இம்தியாஸ் தன்னையறியாமல் நாற்காலியை விட்டு எழுந்து நின்று, "போடுங்க சார், போடுங்க!" என்று கத்தினார். யாருக்காகக் கத்துகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

மூன்றாவது கூடுதல் நேரம் முடியும் தறுவாயில் பாலசுந்தரத்திடம் பந்து வந்தது. தடுமாறினார், ஒரு சுற்றுச் சுற்றினார், கண்ணெதிரே வளையம் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு எறிந்தார். பந்து வளையத்தைத் தொடாமல் வலைக்குள் சரக்கென்று இறங்கியது. வேந்தர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். பந்தியில் இருந்தவர்களும் எழுந்து ஆரவாரம் செய்தார்கள். பிறகு ஒவ்வொருவராக அடங்கினார்கள். அது பொன்காளி காக்க வேண்டிய சொந்தக் கூடை.

மஞ்சுளா பாலசுந்தரத்தின் அருகே போனார். "ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லுங்க. உங்க கூடையில தெரிஞ்சே போட்டிருந்தா அது செல்லாது, ஆட்டம் தொடரும். தெரியாமப் போட்டிருந்தா அவங்களுக்கு ரெண்டு பாயிண்ட். தெரிஞ்சு போட்டீங்களா, தெரியாமப் போட்டீங்களா?"

"தெரிஞ்சுதான் போட்டேன்னு சொல்லு சாமி!" என்று வேந்தர் கதறினார்.

பாலசுந்தரம் முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கினார். வலை இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

"தெரியாமத்தானுங்க போட்டேன். தெரிஞ்சு போட்டா எனக்கு உழுகுமுங்களா?"

கடைசி மணி அடித்தது. விதிப்படி அந்தக் கூடை எதிரணித் தலைவர் கணக்கில் சேர வேண்டும் என்றார் மஞ்சுளா. சண்முகவேல் கையை ஆட்டி மறுத்தார். "அது அவன் போட்டதுங்க. என்ன அழகாப் போட்டான்! என் பேர்ல எழுதாதீங்க." பாலசுந்தரமோ, விதி விதிதான் என்றார். இருவரும் அதற்காகப் புதிதாகச் சண்டை போட்டுக்கொண்டே தோளில் கை போட்டபடி பந்திக்கு நடந்தார்கள்.

வேந்தர் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். இம்தியாஸ் போய்க் கண்ணாடியைத் தட்டினார். கண்ணாடி பாதி இறங்கியது.

"தோத்துட்டோம்னுதான் எழுதுவேங்கய்யா" என்றார் இம்தியாஸ்.

காளியண்ணன் கண்ணாடியை முழுக்க இறக்கினார்.

"எத்தனை பாயிண்ட்டுல தோத்தோமுங்?"

"ரெண்டுங்கய்யா."

"இருபத்தஞ்சு வருசம் ஆடி, ரெண்டே பாயிண்ட்டு." வேந்தர் முகம் மெல்லத் தெளிந்தது. "அந்த 'ரெண்டே'ங்கறதைக் கொட்டை எழுத்துல போடுங்க. வாங்க, குழம்பு ஆறுது."